கர்ப்பப்பை எடுக்க வயிற்றை வெட்டுவதா, கீழால் எடுப்பதா, கமரா போடுவதா?

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 47 வயது, ஊர் திருக்கோவில். பிள்ளைகள் மூன்று, முதல் இரண்டும் சுகப்பிரசவம், கடைசி சிசேரியன். ஒரு வருஷமாய் மாதவிடாய் கட்டி கட்டியாய்ப் போகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பை 14 வாரக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருக்கிறது, உள்ளே இரண்டு மூன்று பைப்ரொயிட், அதாவது புற்றுநோய் இல்லாத தசைக் கட்டிகள். ஹீமோகுளோபின் 7.8. கிளினிக்கில் பார்த்த டொக்டர் வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். கொழும்பில் இருக்கும் அண்ணா, "இந்தக் காலத்தில் யார் வெட்டுகிறார்கள், இங்கே கூட்டி வா, கமராவால் செய்வோம்" என்கிறார், சின்னத் துளைகளால் கமராவை விட்டுச் செய்கிற முறையைத்தான் சொல்கிறார். களுவாஞ்சிக்குடி மாமிக்கோ வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் கீழால், யோனி வழியாகவே எடுத்து, இரண்டாம் நாள் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இந்த மூன்றில் எது நல்லது, எதில் சிக்கல் குறைவு என்பது கேள்வி.

இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளின் பெண்நோயியல் வாட்டுகளில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் "இதைத்தான் செய்யுங்கள்" என்று எழுத முடியாது. ஆனால் டொக்டர்கள் எதை வைத்து வழியைத் தீர்மானிக்கிறார்கள் என்று விளங்கினால், அடுத்த கிளினிக் நாளில் நீங்கள் கேட்கிற கேள்வியே வேறாய் இருக்கும்.

முதலில் மாமியின் கதையைத் தள்ளி வையுங்கள். மாமிக்கு அநேகமாய் கர்ப்பப்பை இறக்கம் இருந்திருக்கும். பிடித்து வைத்திருக்கிற நார்கள் தளர்ந்து, கர்ப்பப்பை தானாகவே கீழே வந்துவிட்ட நிலை அது. அப்படிப்பட்டவருக்குக் கீழால் எடுப்பதுதான் இயல்பு, தளர்ந்த சுவர்களையும் அதோடு சேர்த்துத் தைத்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது கட்டியும் இரத்தப்போக்கும். எடுக்கிற உறுப்பு ஒன்று, நோய் வேறு.

எந்த வழியால் போனாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். கர்ப்பப்பையை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் நார்களை வெட்ட வேண்டும், அதற்கு வரும் இரத்தக்குழாய்களைக் கட்ட வேண்டும், முன்பக்கம் ஒட்டியிருக்கும் சலப்பையைக் கீழே தள்ளி விலக்க வேண்டும், கர்ப்பப்பைக் கழுத்தை யோனியிலிருந்து பிரித்து எடுத்துவிட்டு யோனியின் மேல் முனையைத் தைத்து மூட வேண்டும். இதில் எல்லோரையும் மூச்சைப் பிடிக்க வைக்கிற இடம் ஒன்று உண்டு. சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்குச் சலத்தைக் கொண்டுவரும் சலக்குழாய், கல்லடிப் பாலத்துக்குக் கீழே வாவி ஓடுவதுபோல, கர்ப்பப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிக்குக் கீழால் கடந்து போகிறது. கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து அந்த இடம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர்தான். நாடியைப் பிடிக்கக் கிளாம்பை வைக்கும்போது அது கொஞ்சம் வெளியே விலகினாலும் சலக்குழாய் அதற்குள் சிக்கும். நல்ல கை உள்ளவர்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கிளாம்பைக் கர்ப்பப்பையோடு ஒட்டி வைப்பார்கள். சந்தேகம் இருந்தால் சலக்குழாயைத் தேடிக் கண்ணால் பார்ப்பார்கள். தொட்டால் அது மெல்லச் சுருங்கி விரிவது தெரியும், அதை வைத்துத்தான் இரத்தக்குழாயிலிருந்து பிரித்து அறிவது. கட்டி கழுத்துப் பக்கமாய் வளர்ந்து இந்த அமைப்பையே இடம் மாற்றி வைத்திருந்தால், வழி எதுவானாலும் வேலை கடினம்தான்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வெட்டே தெரியாத கீழ்வழிதான் மூன்றிலும் பழையது. ஜேர்மனியில் லாங்கன்பெக் 1813இல் திட்டமிட்டு அப்படி எடுத்தார், அந்தப் பெண் பிழைத்தார். மன்செஸ்ரரில் சாள்ஸ் கிளே 1843இல் வயிற்றைத் திறந்து எடுத்த பெண் இறந்துபோனார். அந்த வழியால் ஒருவர் பிழைக்க 1853 வரை போனது. கமராவால் முழுதாய் எடுப்பதை அமெரிக்காவில் ஹரி ரைக் 1988இல் தொடங்கினார். அதனால் "பழைய முறை, புது முறை" என்று அண்ணா பிரிக்கிற பிரிப்பு அவ்வளவு சரியில்லை.

வயிற்றை வெட்டுவதைப் பார்ப்போம். பெரும்பாலும் சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்திலேயே குறுக்காக வெட்டுவார்கள். கட்டி மிகப் பெரிதென்றாலோ புற்றுநோய்ச் சந்தேகம் என்றாலோ தொப்புளிலிருந்து கீழ்நோக்கி நெடுக்காக. இதன் பலம், கண்ணுக்கும் கைக்கும் இடம் கிடைப்பது. இரத்தம் பாய்ந்தால் உடனே கையால் அமர்த்தலாம், குடல் ஒட்டியிருந்தால் நிதானமாய்ப் பிரிக்கலாம். முழு மயக்கம் இல்லாமல், முதுகில் விறைப்பு ஊசி போட்டுக்கூடச் செய்யலாம். பலவீனம், அந்த வெட்டேதான். வலி கூட, வாட்டில் 3, 4 நாள், பழையபடி வேலைக்குத் திரும்ப 6 வாரம். காயத்தில் சீழ் வைப்பதும், பிறகு ஒரு காலத்தில் வெட்டின இடத்தால் குடலிறக்கம் வருவதும், உள்ளே குடல் ஒட்டிக்கொள்வதும் இந்த வழியில்தான் அதிகம். சீனி வருத்தம் உள்ளவர்கள், வயிற்றில் கொழுப்புக் கூடியவர்கள் காயம் திறந்து கிளினிக்குக்கும் வீட்டுக்கும் அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். பிரித்தானியாவின் மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர்களுக்கான அரச கல்லூரி, புற்றுநோய் இல்லாத காரணங்களுக்காக வயிற்றை வெட்டிச் செய்வதற்குச் சம்மதம் வாங்கும்போது சொல்ல வேண்டிய எண்களை 2009இல் வெளியிட்டது. பாரதூரமான சிக்கல் ஏதோ ஒன்று 100 பேரில் 4 பேருக்கு. இரத்தம் ஏற்றுமளவுக்குப் போக்கு 1,000இல் 23. சலப்பையிலோ சலக்குழாயிலோ காயம் 1,000இல் 7. திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வருவது 1,000இல் 7. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டுவது 1,000இல் 4. குடல் காயம் 10,000இல் 4. ஆறு வாரத்துக்குள் மரணம் 100,000இல் 32. இவை அந்த நாட்டு எண்கள், ஆனாலும் எதற்கு எவ்வளவு பயப்படுவது என்ற அளவு விளங்கும். ஊரில் எல்லோரும் பயப்படுவது "முள்ளந்தண்டு ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகு நோ" என்பதற்கு. பயப்பட வேண்டியது இரத்தப்போக்குக்கும், காலில் கட்டுகிற இரத்தத்துக்கும், சலக்குழாய்க்கும்.

கீழால் எடுப்பதில் வயிற்றில் காயமே இல்லை. முதுகு ஊசியோடு முடியும், பெரும்பாலும் மற்ற இரண்டையும்விடச் செலவு குறைவு, அடுத்த நாளே எழும்பி நடக்கலாம். கர்ப்பப்பை இறங்காதவர்களுக்கும் இதைச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே வைத்தே கர்ப்பப்பையை இரண்டாகப் பிளந்து, கட்டியைத் துண்டு துண்டாய் வெட்டி எடுத்து வெளியே கொண்டுவருவார்கள். அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட கருத்தில், புற்றுநோய் இல்லாத நோய்களுக்கு முடிந்த இடத்திலெல்லாம் கீழ்வழியைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்று சொன்னது. அதற்கு நியாயம் உண்டு. பல சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் என்ற சர்வதேசக் குழுவின் ஆய்வாளர்கள் 2015இல் 47 சோதனைகளை, 5,102 பெண்களின் விபரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கீழால் செய்தவர்கள் வயிற்றை வெட்டியவர்களைவிட 9, 10 நாள் முந்திப் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். கமராவால் செய்தது கீழால் செய்ததைவிடச் சிறந்தது என்று காட்ட முடியவில்லை. எங்கள் நாட்டிலும் றாகமையிலும் மன்னாரிலும் இந்த மூன்று வழியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். மன்னார் பொது வைத்தியசாலையில் செய்யலாம் என்றால் இது கொழும்புச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று விளங்கும்.

அப்போ ஏன் எல்லோரும் செய்வதில்லை? பழக்கம்தான் காரணம் என்பேன். குறுகிய இடத்தில், கீழிருந்து மேல்நோக்கி, பாதி தொட்டுணர்ந்து செய்கிற வேலை. கற்கும் காலத்தில் கையில் எடுத்தவர்கள் சுலபமாய்ச் செய்வார்கள், எடுக்காதவர்கள் இறக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்வார்கள். கமரா வந்த பிறகு இளம் டொக்டர்களின் ஆர்வமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

கீழ்வழிக்கும் எல்லை இருக்கிறது. கர்ப்பப்பை அசையாமல் சுற்றி ஒட்டிப்போயிருந்தால், சூலகத்தில் வேறு கட்டி இருந்தால், புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அந்த வழி சரிவராது. சிசேரியன் செய்தவர்களுக்குக் கூடாது என்றில்லை, ஆனால் சலப்பை தழும்போடு ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது கிழியலாம். யோனியின் மேல் முனையில் உள்ளே இரத்தம் தேங்கிக் காய்ச்சல் வருவது இந்த வழியின் வழமையான தொல்லை. சில வருஷத்துக்குப் பிறகு அந்த மேல் முனையே இறங்கி வருவதும் உண்டு, முக்கியமாய் இறக்கத்துக்காகச் செய்தவர்களுக்கு. அதனால்தான் செய்கிறபோதே அதை உறுதியான நார்களோடு சேர்த்துத் தைக்கிறார்கள்.

கமராவுக்கு வருவோம், அண்ணாவின் கட்சிக்கு. தொப்புளால் ஒரு துளை, பக்கங்களில் இரண்டு மூன்று துளை. வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்பி, திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைத்து முழு மயக்கத்தில் செய்ய வேண்டியிருப்பதால் இதயம், நுரையீரல் பலமாய் இருக்க வேண்டும். சில இடங்களில் மேல்பாதியைக் கமராவாலும் கீழ்ப்பாதியைக் கீழாலும் முடிப்பார்கள். நன்மை வெளிப்படை: நோ குறைவு, காயச் சீழ் குறைவு, 1, 2 நாளில் வீடு. அதே கொக்ரேன் கணக்கில் கமராக்காரர்கள் வெட்டியவர்களைவிட 13, 14 நாள் முந்தி எழும்பினார்கள். ஆனால் அதே கணக்கில் சலப்பை, சலக்குழாய்க் காயம் வெட்டியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

இதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்: 2004இல் பிரித்தானியாவில் வெளிவந்த பெரிய சோதனை ஒன்றில், பெரிய சிக்கல்கள் வயிற்றை வெட்டியவர்களில் 6.2 வீதம், கமராவால் செய்தவர்களில் 11.1 வீதம். நேரமும் வெட்டுவதற்கு 50 நிமிஷம், கமராவுக்கு 84 நிமிஷம். ஆனால் நியாயமாய் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கமராவில் தொடங்கி முடியாமல் வயிற்றைத் திறந்ததையும் அவர்கள் பெரிய சிக்கலாகவே எண்ணினார்கள். அதோடு அந்தச் சோதனை நடந்த காலத்தில் பலர் இந்த வேலையில் புதியவர்கள். இன்று வாரா வாரம் செய்கிறவரின் கையில் எண்கள் அப்படி இருக்காது. அதனால்தான் நான் இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கச் சொல்கிறேன். ஒருவர் எதை அடிக்கடி செய்கிறாரோ அதில்தான் அவர் பாதுகாப்பானவர்.

கமரா வழிக்கென்றே உள்ள தொல்லைகள் சில உண்டு. முதல் துளை போடும்போது குடலையோ பெரிய இரத்தக்குழாயையோ குத்திவிடலாம். மிக அரிது, நடந்தால் பெரிய விஷயம். இரத்தக்குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைப்பதால் பக்கத்தில் உள்ள குடலோ சலக்குழாயோ வெந்துபோகலாம். அது அன்றைக்குத் தெரியாது. மூன்றாம், நாலாம் நாள், சில நேரம் பத்தாம் நாள்தான் திசு செத்து ஓட்டை விழும், ஆள் அப்போது வீட்டில் இருப்பார். யோனியின் மேல் முனையில் போட்ட தையல் திறப்பதும் மற்ற வழிகளைவிட இதில்தான் கூட. ஆயிரத்தில் சிலருக்குத்தான், ஆனால் திறந்தால் அதற்குள்ளால் குடலே வெளியே வரலாம். "குறைந்தது 6 தொடக்கம் 8 வாரம் கணவன் மனைவி உறவு வேண்டாம்" என்று சொல்வது வெட்கத்துக்கோ சம்பிரதாயத்துக்கோ இல்லை, இதற்காகத்தான். தோள்மூட்டில் ஓரிரு நாள் நோ இருந்தால் அது வயிற்றில் மிஞ்சிய வாயு, பயப்பட வேண்டாம்.

சலப்பை கிழிந்தால் தியேட்டரிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சலம் போகிற டியூப்பின் பையில் இரத்தம் கலந்து வரும்; கமரா ஒப்பரேஷன் என்றால் அந்தப் பை வாயுவால் ஊதிக்கொள்ளும், மயக்க டொக்டர்தான் முதலில் பார்த்துச் சொல்வார். அப்போதே தைத்து, டியூப்பை ஒரு வாரம், பத்து நாள் விட்டுவிட்டால் அநேகமாய் சுகம். சலக்குழாய்தான் மோசம். சந்தேகம் உள்ளவர்கள் சலப்பைக்குள் சின்னக் கமராவைவிட்டு, இரண்டு குழாயின் வாயாலும் சலம் பீச்சி வருகிறதா என்று பார்த்துவிட்டே முடிப்பார்கள். இரண்டும் வந்தால் நிம்மதி, ஆனாலும் முழு உத்தரவாதம் இல்லை.

றோபோ என்றால் கமராதான், டொக்டர் தள்ளி இருந்து இயந்திரக் கையால் செய்கிறார். சாதாரண நோய்களுக்குச் செலவுக்கு ஏற்ற பலன் காட்டப்படவில்லை. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் புற்றுநோய் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கமராவாலும் றோபோவாலும் செய்ததை வயிற்றை வெட்டிச் செய்ததோடு ஒப்பிட்ட சர்வதேசச் சோதனை 2018இல் வெளிவந்தது. நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வெட்டியவர்களில் 96.5 வீதம், மற்றவர்களில் 86 வீதம். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அந்த நோய்க்கு இப்போது வெட்டுவதே வழமை. அதேபோல, கமராவால் செய்யும்போது பெரிய கட்டியை இயந்திரத்தால் அரைத்து எடுப்பதற்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. பைப்ரொயிட் என்று நினைத்து ஒப்பரேஷன் செய்கிற பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் மறைந்த புற்றுநோய் இருக்கலாம், அரைத்தால் அது வயிறெல்லாம் பரவலாம் என்பது காரணம். இப்போது பைக்குள் போட்டு வெட்டி எடுக்கிறார்கள். ஆகவே எந்த வழிக்கும் முன்னால் கர்ப்பப்பைக் கழுத்தைத் துடைத்தெடுத்துச் சோதிக்கிற பாப் பரிசோதனையும், கர்ப்பப்பையின் உள் சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பதும் முடிந்திருக்க வேண்டும். 47 வயதில் ஒழுங்கில்லாத போக்கு என்றால் கட்டியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. 35 வயதுப் பெண்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் இலவசமாய்ச் செய்கிற அந்தக் கழுத்துப் பரிசோதனையை அம்மா செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்களும் உங்கள் முறை வந்தால் போங்கள்.

சரி, அம்மாவின் விஷயம். 14 வார அளவு, ஒரு சிசேரியன், இரண்டு சுகப்பிரசவம். பழகிய கை என்றால் கீழாலும் முடியலாம், கமராவாலும் முடியலாம், வெட்டினாலும் பிழையில்லை. கர்ப்பப்பை அசைகிறதா, அகலமாய் விரிந்திருக்கிறதா நீளமாய் வளர்ந்திருக்கிறதா, கட்டி எந்தப் பக்கம் என்பதைக் கைவைத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். உங்கள் டொக்டர் வெட்ட வேண்டும் என்றது அவருக்கு வேறு தெரியாததால் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம். "கீழால் எடுக்க ஏலாதா டொக்டர், ஏன்?" என்று மரியாதையாய்க் கேளுங்கள். "நீங்கள் அதிகம் செய்வது எந்த முறை?" என்றும் கேளுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். வேறு முறையில் பழகியவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளிலோ இருந்தால் கடிதம் தந்து அனுப்பவும் செய்வார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. இருக்கும் செலவு காத்திருப்பதுதான்.

அந்தக் காத்திருப்பைப் பயனாக்குங்கள், ஏனென்றால் என் கணக்கில் அம்மாவின் பெரிய ஆபத்து வழி இல்லை, 7.8 என்ற அந்த ஹீமோகுளோபின்தான். இந்த இரத்தத்தோடு மேசையில் ஏறினால் சாதாரண போக்குக்கே ஆள் தாங்க மாட்டார். அவசர ஒப்பரேஷன் இல்லாதபோது இரத்தம் ஏற்றி அவசரப்படத் தேவையில்லை. போக்கைக் குறைக்க ட்ரனெக்சாமிக் அசிட், தேவைப்பட்டால் ஹோர்மோன் குளிசை, கூடவே இரும்புச்சத்து. குளிசை வயிற்றுக்கு ஒத்துவராவிட்டால் சேலைனோடு ஏற்றுகிற இரும்பு இருக்கிறது, சில வாரத்தில் நல்லாய்த் தூக்கிவிடும். குளிசையை வெறும் தேத்தண்ணியோடு விழுங்குகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், தேயிலை இரும்பைச் சேர விடாது. மாதம் ஒருமுறை போடுகிற ஊசியால் கட்டியை மூன்று மாதத்தில் சுருக்கிவிட்டுச் செய்வதும் உண்டு. அப்படிச் சுருங்கினால் வெட்டத் தேவையென்றது கீழால் முடிகிற அளவுக்கு வரலாம். சீனி, பிறசர் இருந்தால் அதையும் இந்த நேரத்தில் ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள்.

ஒப்பரேஷனே வேண்டுமா என்றும் ஒருதரம் கேளுங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் லூப் சிலருக்குப் போக்கை நன்றாய் நிறுத்தும், ஆனால் 14 வார அளவில் அது நிற்காமல் விழுந்துவிடுவது அதிகம். மாதவிடாய் நிற்கும் வயது கிட்டத்தில் இருப்பதால், மருந்தால் காலத்தைக் கடத்த முடிகிறவர்களும் உண்டு. மருந்துகள் சரிவராவிட்டால்தான் எடுப்பது.

சூலகத்தைப் பற்றி முதலே பேசி வையுங்கள், மேசையில் ஏறின பிறகு கேட்க ஆளில்லை. "எப்படியும் திறக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கோ" என்று குடும்பம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 47 வயதில் சூலகம் நல்லாய் இருந்தால் விடுவதுதான் என் பக்கச் சாய்வு. எடுத்தால் ஒரே நாளில் மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும்: உடம்பெல்லாம் சூடு, நித்திரையின்மை, எலும்பு தேய்வு, இதய நோய்க்கும் வழி. குடும்பத்தில் மார்பு, சூலகப் புற்றுநோய் இருந்தால் கதை வேறு. பலோப்பியன் குழாய்களை எடுத்துவிடுவது நல்லது. சூலகப் புற்றுநோய் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பங்கு அந்தக் குழாயில்தான் தொடங்குகிறது. கர்ப்பப்பைக் கழுத்தை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பதால் தாம்பத்தியமோ சலம் போவதோ மேம்படும் என்பது சோதனைகளில் நிரூபணமாகவில்லை. விட்டால் சிலருக்கு மாதா மாதம் கொஞ்சம் இரத்தம் படும், பாப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

கொழும்பா இங்கேயா என்பதில் அண்ணாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன சிக்கல்களில் பல வீட்டுக்கு வந்த பிறகு தலைகாட்டுபவை. அங்கே செய்துவிட்டு மூன்றாம் நாள் வான் பிடித்துத் திருக்கோவிலுக்கு வந்தால், எட்டாம் நாள் இரவு காய்ச்சல் வரும்போது யாரிடம் போவது? செய்தவர் கொழும்பில் இருப்பார். நீண்ட தூரம் காலைத் தொங்கப்போட்டு இருப்பதும் இரத்தம் கட்டுவதற்கு நல்ல சந்தர்ப்பம். அங்கே செய்வதென்றால் இரண்டு வாரமாவது அண்ணா வீட்டிலேயே நிற்கட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியதில் முதலாவது சலம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, போகவேண்டும் என்ற உணர்வே இல்லாமல் கீழால் தண்ணீராய் ஒழுகிக்கொண்டே இருந்தால், துணி நனைந்து சல வாடை வந்தால், அது வெள்ளைபடுதல் இல்லை. சலப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். படுவான்கரைப் பக்கத்துப் பெண்கள் இதை மாதக் கணக்கில் ஒளித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள், கலியாண வீட்டுக்கு வரமாட்டார்கள், மறுகா யாராவது மச்சாள்மார் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள். இது திருத்தக்கூடிய விஷயம், வெட்கப்படுகிற விஷயம் இல்லை. ஒரு பக்க விலாவுக்குக் கீழ் நோவும் காய்ச்சலும் இருந்தால் சலக்குழாய் அடைபட்டிருக்கலாம். வயிறு ஊதி, வாந்தி வந்து, வாயு பிரியாமல் இருந்தால் குடல். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென மூச்சு எடுக்கக் கஷ்டமென்றால், விடியும் வரை பார்க்க வேண்டாம், கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு உடனே. போகும்போது, வாட்டிலிருந்து விடும்போது தருகிற டயக்னோசிஸ் காட் கையில் இருக்க வேண்டும்.

மற்றப்படி அன்றன்றே நடக்க விடுங்கள். படுக்கையில் போட்டு வைப்பது பராமரிப்பு இல்லை, இரத்தம் கட்ட வைப்பது. ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் தூக்க வேண்டாம். கிரந்தி என்று சொல்லி இறால், மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் மறித்துவிட்டுச் சோறும் இரசமும் மட்டும் கொடுப்பார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும், வாவி மீன் குழம்பு தாராளமாய்க் கொடுங்கள். முந்தி ஒத்துவராத சாப்பாடு ஏதும் இருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

எடுத்த கர்ப்பப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கை வர வாரக் கணக்காகும், அதற்குள் ஆள் சுகமாகி வீட்டில் வேலை பார்க்கத் தொடங்கியிருப்பார், யாருக்கும் நினைவிருக்காது. எடுக்கப்படாத அறிக்கைகள் வாட்டு அலுமாரியில் கட்டுக் கட்டாய்க் கிடக்கும், அதில் எப்போதாவது ஒன்றில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருக்கும். வாட்டிலிருந்து வெளியேறும் நாளிலேயே தாதி மிஸ்ஸிடம் திகதியைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், எடுக்கப் போவது நீங்களா தம்பியா என்றும் அப்போதே பேசி வையுங்கள்.